68 வயசில் காரைக்குடியிலிருந்து பழனிக்கு நடை: இப்போதிலிருந்து என்னென்ன செய்யணும்?

பழைய தபால்காரர் · அக்டோபர் 4, 2025

வணக்கம். வயது 68. ஊர் காரைக்குடி. தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். சர்க்கரை பத்துப் பன்னிரண்டு வருஷமாக இருக்கிறது. காலையில் மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் சேர்ந்த மாத்திரை, ராத்திரி மெட்ஃபார்மின் மட்டும். பிரஷருக்கு ஒரு மாத்திரை. படி இறங்கும்போது மட்டும் இடது முழங்கால் முனகும். மற்றபடி நடமாட்டத்தில் குறை இல்லை.

வீட்டுக்காரிக்கு ஒரு பெரிய ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டேன்: எங்கள் வீட்டு வாசலில் இருந்து பழனி வரை, வெறுங்காலோடு. இப்போது நன்றாக இருக்கிறாள். "நீங்க நடந்தா நான் பேசவே மாட்டேன்" என்று தினமும் சண்டை போடுகிற அளவுக்கு நன்றாக இருக்கிறாள்.

அடுத்த தைப்பூசம் 2026 பிப்ரவரி 1. வேலையில் இருந்த காலம் முழுக்க வெயிலிலும் மழையிலும் சைக்கிளில் அலைந்த உடம்பு என்பதால் நடந்துவிடலாம் என்று தோன்றுகிறது. மகன் நம்பவில்லை. போய்வந்தவர்கள் சொல்லுங்கள். "முருகன் பார்த்துக்குவான்" என்பதைத் தவிர வேறு ஏதாவது.

குன்றக்குடியான் · அக்டோபர் 4

அண்ணே, நல்ல வேண்டுதல். எங்க குழு வருஷா வருஷம் குன்றக்குடி சண்முகநாதரைக் கும்பிட்டுட்டுக் கிளம்புது. நான் சாமான் வண்டி பொறுப்பு. 70 தாண்டினவங்களும் எங்ககூட நடக்கிறாங்க. நகரத்தார் காவடியில பாருங்க, வயசானவங்க காவடியைத் தோள்ல வச்சுக்கிட்டுப் பழனி போயி, நடந்தேதான் திரும்புவாங்க. ஆனா அவங்க சின்ன வயசுல இருந்து அந்த ரோட்டுல நடந்தவங்க. மொதத் தடவையா 68ல கிளம்புறது வேற கதை.

சைக்கிள் மிதிச்ச தெம்பு நெஞ்சுக்கு ஆகும், பாதத்துக்கு ஆகாது. சைக்கிள்ல உடம்பு பாரத்தை சீட்டு தாங்குது. நடையில ஒவ்வொரு எட்டுக்கும் முழு பாரமும் குதிகால்ல இறங்கும், அதுவும் தார் ரோட்டுல. மொதல்ல அதை மனசுல வச்சுக்கங்க.

வெறுங்கால் வேலன் · அக்டோபர் 4

ஐயா, வேண்டிக்கொண்டது வேண்டிக்கொண்டதுதான். வெறுங்கால் என்று சொல்லிவிட்டால் வெறுங்கால்தான். வெயிலும் கல்லும் அவனுக்குத் தெரியாதா? அரோகரா!

கேம்ப் சிஸ்டர் · அக்டோபர் 4

வேலன் சார், கொஞ்சம் பொறுங்க.

நான் நர்ஸ். தைப்பூச சமயத்தில் நத்தம் ரோட்டில் போடுகிற மருத்துவ முகாமில் உட்காருகிறவள். அங்கே என் முன்னால் நீளுவது முகமில்லை, பாதம். அதனால் பாதத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

தபால்காரர் ஐயா, பத்து வருஷத்துக்கு மேல் சர்க்கரை இருந்தால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்க வாய்ப்பு உண்டு. குறைவது நமக்கே தெரியாது, அதுதான் அதிலுள்ள வில்லங்கம். முள் குத்தினால் வலிக்கிறவர் உட்கார்ந்து எடுத்துவிடுவார். வலிக்காதவர் அதன்மேலேயே இருபது கிலோமீட்டர் நடப்பார். உள்ளங்கால் வெந்து தோல் கழன்று வந்தவரிடம் "எரியலையா தாத்தா?" என்று கேட்டால், "முருகன் அருள்மா, ஒண்ணுமே தெரியலை" என்று சிரிக்கிறார். அதைக் கேட்கிற எனக்கு அடிவயிறு கலங்கும். அந்தப் புண் ஆறாமல் விரலை எடுக்கிற நிலைக்குப் போவது தை மாதத்தில் இல்லை, பங்குனியில்.

ஆகவே முதல் வேலை: உங்கள் சர்க்கரை டாக்டரிடம் போய்ப் பாதப் பரிசோதனை கேளுங்கள். நைலான் இழை ஒன்றை உள்ளங்காலில் பல இடத்தில் அழுத்தி, தெரிகிறதா என்று கேட்பார்கள். தட்டினால் அதிர்கிற உலோகக் கவையைக் கட்டைவிரல் எலும்பில் வைத்துப் பார்ப்பார்கள். காலில் நாடித்துடிப்பும் பார்ப்பார்கள். பத்து நிமிஷ வேலை. இதில் குறை தெரிந்தால் வெறுங்கால் பேச்சே கிடையாது. குறை இல்லை என்றாலும் 68 வயதில், சர்க்கரையோடு, நூற்று அறுபது கிலோமீட்டருக்கு மேல் வெறுங்காலில் போகச் சொல்லி நான் சொல்ல மாட்டேன்.

அப்படியே இசிஜி, எக்கோ, டாக்டர் சொன்னால் டிரெட்மில் பரிசோதனை. சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை, கிரியேட்டினின், அதையும் பார்த்துவிடுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

வெறுங்கால் வேலன் · அக்டோபர் 5

மருத்துவத்தை மறுக்கவில்லை சிஸ்டர். ஆனால் கஷ்டப்படாமல் என்ன நேர்த்திக்கடன்? செருப்புப் போட்டு, தொப்பி போட்டு, வண்டியில் படுக்கையை அனுப்பிவிட்டுப் போவதற்குப் பேர் வாக்கிங்.

சிங்கம்புணரி செல்வி · அக்டோபர் 5

தம்பி வேலன், எனக்கு 63. முழங்கால் தேய்ந்த பிறகுதான் நடக்கவே ஆரம்பித்தேன். செருப்போடுதான் போகிறேன். கஷ்டத்துக்குப் பஞ்சமே இல்லை, வந்து பார்.

அப்பர் சாமி தள்ளாத வயசில் கயிலாயம் போனார். கால் தேய்ந்தது, கை தேய்ந்தது, மார்பால் ஊர்ந்தார், புரண்டு போனார். அப்புறம் என்ன நடந்தது? சிவபெருமானே முனிவராக வந்து "திரும்பிப் போ" என்றார். கேட்கவில்லை. கடைசியில் ஒரு குளத்தில் முங்கச் சொல்லி, திருவையாற்றில் எழ வைத்து, அங்கேயே கயிலைக் காட்சி கொடுத்தார். கிழவர் உடம்பைத் தேய்த்துக்கொண்டு வருவதை அவரே விரும்பவில்லை. நீ முருகனுக்கு வக்காலத்து வாங்காதே.

தபால்கார அண்ணே, வேண்டுதலை மாற்ற மனசு உறுத்தினால் எங்கள் பக்கம் செய்கிற மாதிரி செய்யுங்கள். ஒரு செவ்வாய்க்கிழமை குன்றக்குடிக்குப் போய், "இப்படி உடம்பு, இப்படி வைத்தியர் சொல்றார், செருப்போட வர்றேன்" என்று அவனிடமே சொல்லி, மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி அறையில் வையுங்கள். பழனி உண்டியலில் அதைச் சேர்த்துவிடலாம். இன்னும் சந்தேகமிருந்தால் பூப்போட்டுக் கேளுங்கள்.

கேம்ப் சிஸ்டர் · அக்டோபர் 5

பூ எது வந்தாலும் செருப்பைப் போடுங்கள் ஐயா.

குன்றக்குடியான் · அக்டோபர் 5

😂

எங்க குருசாமி இதுக்கு ஒரு வழி வச்சிருக்கார். பழனி மலையடிவாரத்துல எல்லாரும் செருப்பைக் கழட்டித்தான் ஆகணும். கிரிவலப் பாதையும் படியும் வெறுங்கால்தான். "வெறுங்கால்னு வேண்டினதை அங்க செலுத்து"ம்பார். அதுவும் விடியக்காலைல. பத்து மணிக்கு மேல கல்லு சுட ஆரம்பிச்சுரும்.

பழைய தபால்காரர் · அக்டோபர் 9

பரிசோதனை ஆயிற்று. இடது பாதத்தில் இரண்டு இடத்தில் இழை தெரியவில்லை. அவர் அழுத்தினாராம், நான் "இன்னும் ஆரம்பிக்கலையா டாக்டர்?" என்று கேட்டேனாம். பக்கத்தில் நின்ற வீட்டுக்காரி முகத்தைப் பார்க்க வேண்டுமே. இதயம் சரி, கிரியேட்டினின் சரி. டாக்டர் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. ஷூ இல்லாமல் போகக்கூடாது, ஒரு நாளைக்கு 15 கிலோமீட்டருக்கு மேல் கூடாது என்றார்.

செவ்வாய்க்கிழமை குன்றக்குடி போகிறேன். வேலன் தம்பி மன்னிக்கணும்.

இப்போது சொல்லுங்கள்: என்ன ஷூ, எப்படிப் பழகுவது, எத்தனை நாள் பயணம்?

வெறுங்கால் வேலன் · அக்டோபர் 9

ஐயா, என்னிடம் மன்னிப்பா? இழை தெரியாத காலோடு வெறுங்காலில் போங்கள் என்று நானும் சொல்ல மாட்டேன். நல்லபடியாகப் போய் வாருங்கள்.

கணக்கு வாத்தியார் · அக்டோபர் 10

நாள் கணக்கை என்னிடம் விடுங்கள், அதுதான் எனக்கு வரும்.

காரைக்குடி, குன்றக்குடி, திருப்பத்தூர், சிங்கம்புணரி, கொட்டாம்பட்டி, சமுத்திராபட்டி, நத்தம், கோபால்பட்டி, சாணார்பட்டி, திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம், விருப்பாச்சி, சத்திரப்பட்டி, ஆயக்குடி, பழனி. இதுதான் வழக்கமான தடம். மொத்தம் 165 முதல் 170 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இளவட்டக் குழுக்கள் ஒரு நாளைக்கு 30, 35 என்று ஐந்தாறு நாளில் முடித்துவிடுவார்கள். ராத்திரியெல்லாம் நடப்பார்கள். அவர்களோடு உங்களைச் சேர்த்தால் நீங்கள் திண்டுக்கல்லில் பஸ் ஏறுவீர்கள்.

உங்கள் கணக்கு: நாளைக்குச் சராசரி 14, 15. நடை நாள் 12. நத்தத்தில் ஒரு நாள், திண்டுக்கல்லில் ஒரு நாள் முழு ஓய்வு. ஆக 14 நாள். முதல் நாள் குன்றக்குடியோடு நிறுத்துங்கள், பத்து கிலோமீட்டர்தான் வரும். ஆர்வத்தில் திருப்பத்தூர் வரை போக மனசு சொல்லும், போகாதீர்கள். முதல் நாள் கூடுதலாக நடந்ததற்கு உடம்பு மூன்றாம் நாள் வட்டி கேட்கும். திருப்பத்தூருக்கும் சிங்கம்புணரிக்கும் நடுவில் இருபதை ஒட்டி வரும், அதை இரண்டாக உடையுங்கள். கோபால்பட்டி–திண்டுக்கல்லும் அப்படித்தான், சாணார்பட்டியில் ஒரு ராத்திரி.

பூசம் பிப்ரவரி 1. பூசத்தன்று மலையேற நினைக்காதீர்கள். அன்று வரிசையில் நிற்கிற நேரம், நடந்ததைவிடக் காலை அதிகம் வாங்கும். ஜனவரி 29, 30 வாக்கில் சேர்ந்து தரிசனத்தை முடிப்பது உத்தமம். அப்படியானால் பொங்கல் 15, மாட்டுப் பொங்கல் 16. இரண்டையும் வீட்டில் முடித்துக்கொண்டு 16 சாயங்காலமோ 17 விடியலிலோ கிளம்புங்கள்.

குன்றக்குடியான் · அக்டோபர் 10

வாத்தியார் கணக்கு சரி. ஆனா ஒண்ணு. அவ்வளவு முன்னால கிளம்பினா வழியில அன்னதானப் பந்தல் பாதி எந்திரிச்சிருக்காது. கடைசி வாரத்துலதான் ரோடு பூரா சாப்பாடு, மோர், சுக்குமல்லி காப்பி, கால் அமுக்கி விடுற ஆளு எல்லாம். முன்னால போறவங்க ஓட்டல் பாத்து, தங்க இடம் பாத்துப் போகணும். கூட்டம் கம்மி, லாரிக்காரனும் "பாதயாத்திரை ஆளுங்க வருவாங்க"ன்னு எதிர்பார்க்க மாட்டான். அதனால தனியா மட்டும் போகாதீங்க, கூட ஒரு ஆளாவது வேணும்.

திண்டுக்கல் தாண்டிட்டா பழனி ரோட்டோரம் பாதயாத்திரைக்குன்னு தனி நடைபாதை இருக்கு. சில இடத்துல கல்லு பேந்து கெடக்கும், பாத்து.

சிங்கம்புணரி செல்வி · அக்டோபர் 10

அன்னதானம் இல்லாததும் சர்க்கரைக்காரருக்கு ஒரு புண்ணியம்தான். கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கேசரி, சர்க்கரைப் பொங்கல், பானகம். மறுத்தால் கொடுக்கிறவர் மனசு வாடும். "பிரசாதமா ஒரு விரல் போதும்"னு வாங்கி வாயில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிட வேண்டும்.

தாத்தாவின் பேரன் · அக்டோபர் 11

எனக்கு 24. ஜிம்மில் பயிற்சி கொடுக்கிறேன். எங்க தாத்தாவைத் தயார் பண்ணின அனுபவத்தில் சொல்றேன்.

தாத்தா, முதல் ரெண்டு வாரம் தினம் அரை மணி நேரம் மட்டும். "எனக்கு இது பத்தாது" என்று தோணணும், அங்கேயே நிறுத்துங்க. அப்புறம் வாரத்துக்குப் பத்துல ஒரு பங்குக்கு மேல கூட்டாதீங்க. வாரத்தில் ஒருநாள் நீள நடை. அதை மட்டும் 5, 6, 8 என்று மெல்ல ஏத்துங்க. காரைக்குடிக்காரருக்கு நல்ல வசதி ஒண்ணு இருக்கு: கொப்புடையம்மன் கோயில்ல இருந்து குன்றக்குடி வரைக்கும் நடந்து, கும்பிட்டுட்டு, பஸ்ல திரும்பிடலாம். அந்தக் குன்றுல படியேறிப் பழகினா பழனிப் படிக்கும் ஆச்சு.

முக்கியமானது, மார்கழியில அடுத்தடுத்து ரெண்டு நாள் நீள நடை. ஒருநாள் 12 கிலோமீட்டர் யாரும் நடந்துடலாம். மறுநாள் காலைல அதே கால்ல ஷூவை மாட்டும்போதுதான் உண்மை தெரியும். அந்த ரெண்டாம் நாள் நல்லபடியா முடிஞ்சா பழனி போவீங்க.

நடந்தா மட்டும் போதாது. முழங்காலைத் தாங்குறது தொடைத் தசை. கைப்பிடி இல்லாத நாற்காலில உட்கார்ந்து, கையை ஊனாம எந்திரிங்க. பத்துத் தடவை, கொஞ்சம் ஓய்வு, திரும்பப் பத்து. சுவரைப் பிடிச்சுக்கிட்டுக் குதிகாலைத் தூக்கி இறக்குங்க. ஒரு கால்ல நிக்கிற பழக்கமும் வேணும், வயசானா தடுமாற்றம் வரும், நடைபாதைக் கல்லு வேற பேந்திருக்குன்னு அண்ணன் சொல்றார். படி இறங்கும்போது வலிக்கிற முழங்காலுக்கு ரெண்டு கைக்கும் ஊன்றுகோல் பிடிக்கிறது பெரிய ஆறுதல். வெட்கப்படாதீங்க.

வேகம்? பேசிக்கிட்டே நடக்க முடியணும். "அரோகரா" சொல்ல மூச்சு வாங்கினா வேகம் அதிகம்.

கிளம்புறதுக்கு முந்தின பத்து நாள் நடையைப் பாதியாக் குறைச்சிடுங்க. பயந்துபோய்க் கடைசி வாரம்தான் நிறைய நடப்பாங்க, அது தப்பு.

பழைய தபால்காரர் · அக்டோபர் 11

பேரா, ஒரு காலில் நின்று பார்த்தேன். நாலு எண்ணுவதற்குள் அலமாரியைப் பிடித்துவிட்டேன். இது எனக்குத் தெரியவே தெரியாது.

ஐப்பசி மழையில் எப்படி நடப்பது?

தாத்தாவின் பேரன் · அக்டோபர் 11

கல்யாண மண்டபம், மாடி வராந்தா, கோயில் பிராகாரம், எங்க கூரை இருக்கோ அங்க. வீட்டு மாடிப்படில ஏறி இறங்குறதும் கணக்குதான், ஆனா இறங்கும்போது கைப்பிடியைப் பிடிச்சுக்கங்க.

கேம்ப் சிஸ்டர் · அக்டோபர் 12

ஷூ பற்றி. சாயங்காலம் போய் வாங்குங்கள், அப்போதுதான் கால் கொஞ்சம் வீங்கி உண்மையான அளவில் இருக்கும். கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் வேண்டும். முன்பக்கம் அகலமாக, லேஸ் கட்டுகிற மாதிரி. நாலைந்து நாள் நடந்தால் பாதம் இன்னும் உப்பும், லேஸைத் தளர்த்திக்கொள்ளலாம். இப்போதே வாங்கி இதிலேயே பழகுங்கள். புது ஷூவோடு யாத்திரை கிளம்புவதைப்போல வம்பு வேறில்லை. பருத்திச் சாக்ஸ் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், நடைக்கென்று விற்கிற செயற்கை நூல் சாக்ஸ் மேல். வெள்ளை நிறமாக வாங்குங்கள். ரத்தமோ நீரோ கசிந்தால் கண்ணுக்குத் தெரியும், உணர்ச்சி குறைந்த காலுக்கு அதுதான் எச்சரிக்கை.

ஷூவை மாட்டுமுன் கையை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள், ஒவ்வொரு தடவையும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை கழற்றிப் பாதத்தைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் ஒரு சின்னக் கண்ணாடி. விரல் இடுக்கில் ஈரம் இருக்கக்கூடாது. குதிகாலிலும் விரல் நுனியிலும் வாசலின். தொடை உரசுகிறவர்களுக்கு அங்கேயும்.

கொப்புளத்தில் ஊசி நூல் கோத்து நீரை இறக்குகிற வைத்தியம் ரோடு முழுக்க நடக்கும். அன்பாகத்தான் செய்வார்கள். சர்க்கரைக்காரர்கள் அதற்குக் காலைக் கொடுக்காதீர்கள். உடையாத கொப்புளத்தை அப்படியே விட்டு மூடிக் கட்டுங்கள். உடைந்தால் கழுவி, மருந்து போட்டுச் சுத்தமான கட்டு. சிவப்பு பரவினால், சூடாக இருந்தால், அன்றோடு நடை நிற்க வேண்டும்.

இப்போது கிரியேட்டினின் ஏன் என்று. சாயங்காலம் முகாமுக்கு வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது வலி மாத்திரை, வலி ஊசி. டைக்ளோஃபெனாக் போன்றவற்றைத் தினமும் போட்டுக்கொண்டு, தண்ணீர் குறைவாகக் குடித்து, பிரஷர் மாத்திரையும் சாப்பிட்டால் சிறுநீரகம் அடி வாங்கும். அதிலும் நீர் பிரிக்கிற வகை மாத்திரை இருந்தால் இன்னும் மோசம். வலிக்குப் பாராசிட்டமால், காலைத் தலையணையில் உயர்த்தி வைப்பது, ஓய்வு நாள். அதற்குமேல் வலித்தால் அது நிற்கச் சொல்லும் வலி.

தண்ணீரும் வெறுமனே லிட்டர் லிட்டராகக் குடிப்பதில்லை. தாகத்துக்குக் குடியுங்கள். வியர்வை அதிகமானால் உப்புப் போட்ட மோர், அல்லது ஓஆர்எஸ் கரைசல். ஓஆர்எஸ்ஸில் சர்க்கரை இருக்கிறதே என்பார்கள். அளவோடுதான் இருக்கிறது. அதையும் உங்கள் டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சிங்கம்புணரி செல்வி · அக்டோபர் 13

பெண்கள் யாராவது படித்தால்: தண்ணீர் குடித்தால் ஒதுங்க இடம் தேட வேண்டுமே என்று குடிக்காமலே நடக்கிறோம். எல்லா வருஷமும் எங்கள் குழுவில் யாருக்காவது நீர்க்கடுப்பு வரும், கெண்டைக்கால் பிடித்து இழுக்கும். பெட்ரோல் பங்கு, கோயில் மண்டபம், கல்யாண மண்டபம் எங்கெங்கே இருக்கிறது என்று முன்னமே ஒருவர் காரில் போய்ப் பார்த்து எழுதிவிட வேண்டும். வயசான ஆண்களுக்கும் இது உதவும், புராஸ்டேட் இருக்கிறதல்லவா, சொல்ல வெட்கப்படுவார்கள்.

முழங்கால் மடங்காதவர்களுக்கு இந்திய முறைக் கழிப்பறை பெரும் பாடு. நடுவில் துளை போட்ட பிளாஸ்டிக் ஸ்டூல் மருந்துக்கடைப் பக்கம் கிடைக்கும். சாமான் வண்டியில் அது ஒன்று இருந்தால் பத்துப் பேர் வாழ்த்துவார்கள். தரையில் படுத்தால் எழ முடியாதவர்கள் மடக்குக் கட்டில் வைத்துக்கொள்ளலாம். நானும் அப்படித்தான்.

சேலையைவிடச் சுடிதார் நடைக்கு நல்லது. மாமியார் இருந்தவரை நான் சேலைதான், அது வேறு விஷயம்.

பழைய தபால்காரர் · அக்டோபர் 14

விரதம் பற்றி யாரும் சொல்லவில்லை. மார்கழி பிறக்கும்போது மாலை போடலாம் என்று இருக்கிறேன். எங்கள் வீட்டு வழக்கம் ஒருவேளைச் சாப்பாடு.

கேம்ப் சிஸ்டர் · அக்டோபர் 14

ஐயா, கிளிமெபிரைடு போட்டுக்கொண்டு ஒருவேளைச் சாப்பாடு கூடாது. இதில் மட்டும் நான் பேரம் பேச மாட்டேன்.

அந்த மாத்திரை நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சர்க்கரையை இறக்கும். நடையும் இறக்கும். இரண்டும் சேர்ந்து 70க்குக் கீழே போனால் கை நடுக்கம், வியர்வை, குழப்பம், மயக்கம். பாதயாத்திரையில் எல்லாருக்கும் வியர்க்கும், எல்லாரும் சோர்ந்திருப்பார்கள். அதனால் பக்கத்தில் வருகிறவருக்கும் வித்தியாசம் தெரியாது, "களைப்பு, கொஞ்சம் படுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். ஆபத்து அங்கேதான். நடை நாட்களில் மாத்திரையின் அளவை எப்படிக் குறைப்பது என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். நீங்களாக நிறுத்தவும் கூடாது. இன்சுலின் போடுகிறவர்களுக்கு இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். நடக்கப்போகிற நேரத்தில் தொடையில் போட்டால் மருந்து வேகமாக உறிஞ்சப்படும், எங்கே போடுவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஊசி மருந்தை வெயிலில் நிற்கிற வண்டிக்குள் போட்டு வைக்காதீர்கள்.

சட்டைப் பையில் குளுக்கோஸ். தடுமாறினால் மூன்று தேக்கரண்டி தண்ணீரில் கலந்து உடனே, கால் மணி நேரம் உட்கார்ந்து திரும்பச் சோதனை, பிறகு பிஸ்கட்டோ இட்லியோ. சோதனைக் கருவி, மாத்திரை, டாக்டர் சீட்டு எல்லாம் உங்கள் தோள்பையில். வண்டியில் இல்லை. வண்டி எப்போதும் அடுத்த ஊரில்தான் நிற்கும்!

குன்றக்குடியான் · அக்டோபர் 14

வண்டிக்காரன் என்கிற முறையில் ஒத்துக்கிறேன்.

விரதம்னா மாலை, பிரம்மச்சரியம், சைவம், கோபத்தை அடக்குறது. நேரத்துக்குச் சாப்பிட்டா மாலை ஒண்ணும் கோவிச்சுக்காதுன்னு எங்க குருசாமி சொல்லுவார். அண்ணே, உங்க விரதம் வீட்டுல சண்டை போடாம இருக்கிறதுன்னு வச்சுக்கங்களேன்.

கணக்கு வாத்தியார் · அக்டோபர் 15

நேரம் பற்றி ஒரு வார்த்தை. தைப் பனி தரையைத் துளைக்கும் என்பார்கள். இளவட்டங்கள் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து நடப்பார்கள். கண்புரை இருக்கிறவர்களுக்கு எதிர்வண்டி வெளிச்சம் பட்டால் சில நொடி ஒன்றுமே தெரியாது. உங்களுக்கு அது வேண்டாம். நன்றாக விடிந்து ஆறு, ஆறரைக்குக் கிளம்பி, பத்துக்குள் பெரும்பகுதியை முடித்து, வெயில் தாழ்ந்ததும் நாலு மணிக்குமேல் மிச்சம். காதுக்குக் குல்லா, மேலே ஒளிரும் பட்டை வைத்த மேலங்கி. சாலையின் வலது ஓரமாக, எதிரே வருகிற வண்டியைப் பார்த்தபடி நடக்க வேண்டும். கூட்டமாகப் போகிறவர்கள் இடப்பக்கம் சாய்ந்து கதை பேசிக்கொண்டு போவார்கள், அவர்களோடு சேராதீர்கள்.

நெஞ்சில் அழுத்தம், தாடையிலோ இடக்கையிலோ வலி, காரணமில்லாத மூச்சுத்திணறல் என்றால் 108. "அடுத்த பந்தல் வரைக்கும்" என்ற பேச்சே கூடாது.

ஆயக்குடி அன்வர் · அக்டோபர் 15

யாரும் சொல்லாததை நான் சொல்றேன். எங்க ஊர் வரும்போது கொய்யா வாங்குங்க. சர்க்கரைக்காரர் அரைக்காயா ஒண்ணு தின்னலாம், பழுத்தது வேண்டாம். தோட்டம் எங்களோடது, சாமி கும்பிடப் போற பெரியவங்ககிட்ட அப்பா காசு வாங்க மாட்டார்.

கணக்கு வாத்தியார் · அக்டோபர் 15

ஆயக்குடிக் கொய்யாவை நினைத்துத்தான் எனக்குக் கடைசி நாள் நடையே ஓடுகிறது.

பழைய தபால்காரர் · டிசம்பர் 29

எல்லாருக்கும் வணக்கம். நடுவில் எழுதவில்லை, நடந்துகொண்டிருந்தேன்.

குன்றக்குடியில் சொல்லிவிட்டேன். மஞ்சள் துணி சாமி அறையில் இருக்கிறது. நேற்றும் முந்தாநாளும் அடுத்தடுத்த இரண்டு நாள் நடை முடிந்தது, குன்றக்குடி வரை ஒருநாள், பிள்ளையார்பட்டி வரை மறுநாள். பேரன் சொன்னது சரி, இரண்டாம் நாள் காலையில் முதல் அரை மணி நேரம் மரக்கட்டைதான். பிறகு இளகிவிட்டது. வலது சுண்டுவிரலில் நகம் உரசிச் சிவந்திருக்கிறது. டாக்டர் காலை மாத்திரையைப் பாதியாக்கி எழுதித் தந்திருக்கிறார், நடை நாட்களுக்கு மட்டும்.

கூட மகன் வரமுடியவில்லை. ஆனால் என்னோடு வேலை பார்த்தவர் ஒருவர், 65 வயது, சர்க்கரை இல்லாதவர், வருகிறார். வீட்டுக்காரி திண்டுக்கல்லில் அவள் தங்கை வீட்டில் இருந்துகொண்டு ஓய்வு நாளில் என் காலைப் பரிசோதிப்பாளாம். அது அவள் போட்ட நிபந்தனை.

ஒரு கேள்வி மிச்சம். மலைக்குப் படியா, யானைப்பாதையா, இழுவை ரயிலா?

கேம்ப் சிஸ்டர் · டிசம்பர் 29

சுண்டுவிரல் சிவப்பு மறையும் வரை நீள நடை வேண்டாம். நகத்தை நேராக வெட்டுங்கள், ஓரத்தை வளைத்து உள்ளே வெட்டாதீர்கள். ஷூ அந்த இடத்தில் அழுத்துகிறதா பாருங்கள், அழுத்தினால் இன்னும் நாளிருக்கிறது, மாற்றுங்கள். திண்டுக்கல் நிபந்தனை பிரமாதம், அம்மாவிடம் சொல்லுங்கள்.

கணக்கு வாத்தியார் · டிசம்பர் 29

படி அறுநூற்றுத் தொண்ணூறுக்கு மேல். ஏறுவது மூச்சு, இறங்குவது முழங்கால். உங்களுக்கு இறங்குவதுதான் பிரச்சினை என்று முதலிலேயே சொன்னீர்கள். யானைப்பாதை சரிவாகப் போகும், படி குறைவு, நேரம் அதிகம். யானைப்பாதையில் ஏறி, இழுவை ரயிலில் இறங்குங்கள். ரோப் காரும் இருக்கிறது, காற்று அதிகமானால் நிறுத்திவிடுவார்கள். பூசத்துக்கு முந்திய நாட்களில் எல்லாவற்றுக்கும் வரிசை இருக்கும், டிக்கெட்டுக்கு ஆளைக் காலையிலேயே நிறுத்துங்கள்.

சிங்கம்புணரி செல்வி · டிசம்பர் 30

அன்றைக்கு உடம்பு ஒத்துழைக்காவிட்டால் மலையேறாமல் அடிவாரத்தில் திருஆவினன்குடியில் கும்பிட்டுவிட்டு வாருங்கள் அண்ணே. மூன்றாம் படைவீடு அதுதான். மலை அடுத்த நாளும் அங்கேயே இருக்கும்.

நீங்கள் சிங்கம்புணரி வருவது 20ஆம் தேதி வாக்கில் இருக்கும். சேவுகப்பெருமாள் கோயில் பக்கம்தான் வீடு. ராத்திரி இட்லியும் தக்காளிச் சட்னியும் ஆகும், கட்டில் இருக்கிறது, கழிப்பறை மேற்கத்திய முறை. முந்தின நாள் சொல்லிவிட்டால் போதும். வீட்டு விவரம் தனி மடலில் அனுப்புகிறேன், இங்கே வேண்டாம்.

குன்றக்குடியான் · டிசம்பர் 30

அண்ணே, நாங்க 25ஆம் தேதிதான் கிளம்புறோம். ஆனா வண்டி 22ஆம் தேதி நத்தத்துக்கு அரிசி மூட்டை இறக்க ஒரு நடை போகுது. உங்க படுக்கை, கனமான சாமான் எதுவா இருந்தாலும் 21 சாயங்காலத்துக்குள்ள குன்றக்குடி மண்டபத்துல சேத்துருங்க. பேரும் ஊரும் எழுதி ஒட்டிருங்க, போன வருஷம் மூணு நீலப் போர்வை ஆள் தெரியாம இன்னும் எங்க வீட்டுல கெடக்கு.

பழைய தபால்காரர் · டிசம்பர் 30

முகவரி எழுதுவதில் குறை இருக்காது. ஆனால் 17ஆம் தேதியே நான் கிளம்பிவிடுவேனே, முதல் அஞ்சு ராத்திரிக்குப் படுக்கை?

குன்றக்குடியான் · டிசம்பர் 30

அட ஆமா. அப்ப மெல்லிசா ஒரு பாயும் போர்வையும் மட்டும் நீங்க வச்சுக்கங்க, மத்ததை உங்க வீட்டுல இருந்து யாராவது 21ஆம் தேதி குன்றக்குடில கொண்டாந்து குடுக்கட்டும். மதினிகிட்ட நான் பேசுறேன்.